பொம்மை யார் துண்டில்?

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ரலிட்சாவின் கையிலிருந்த வில், வயோலாவின் தந்தி மேலேயே நின்றுவிட்டது. மறுபடியும் தட்டல். ஒரு கை இல்லை... பல கைகள். ஜன்னல் திரையை விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். தெரு முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம். தூறலில் நனைந்த சால்வைகள், தொப்பிகள், முகங்கள்... அத்தனை முகங்களும் அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.

சட்டென்று விளக்கை அணைத்தாள்.

யார் இவர்கள்? என்ன வேண்டும் இவர்களுக்கு?

வெளியே பாட ஆரம்பித்தார்கள். அது இன்னும் பயமாக இருந்தது. அவள் பல்கேரியாக்காரி. மெக்ஸிகோவின் ஹலாபா நகரத்து இசைக்குழுவில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஆனால் டிசம்பர் வந்தால் விமானம் ஏறி ஊருக்குப் போய்விடுவாள். இந்த வருடம்தான் போகவில்லை. இந்த வருடம்தான் ஹலாபாவின் அடுக்குமாடியை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான கோவாதெபெக்கில், காப்பி வறுக்கும் வாசனை வரும் இந்தத் தெருவில், முற்றம் வைத்த ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததை நினைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் மெக்ஸிகோக்காரர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பொசாதா என்று பெயர்கூடத் தெரியும். ஆனால் கேள்விப்படுவது வேறு... இருட்டில், தனியாக இருக்கும்போது, ஒரு கூட்டம் உங்கள் கதவைத் தட்டுவது வேறு.

கூட்டம் ஓர் அடி பாடிவிட்டுக் காத்திருந்தது. உள்ளே இருப்பவர் 'இடமில்லை, போங்கள்' என்று பதிலுக்குப் பாடி விரட்ட வேண்டும். அதுதான் வழக்கம். இந்த வீட்டில் முன்பு இருந்தவர் வருடாவருடம் தொண்டை கிழிய விரட்டுவாராம். இதையெல்லாம் ரலிட்சாவுக்கு யார் சொன்னார்கள்?

பின்பக்கம் முற்றத்தில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

முற்றத்துச் சுவரை ஒட்டி ஓர் உருவம் எழுந்தது. சிவப்பு முகம். தலையில் இரண்டு கொம்பு. பின்னால்... வால்!

கைக்கு அகப்பட்டது இசைத்தாள் வைக்கும் இரும்பு ஸ்டாண்ட்தான். அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தாள்.

"போ! போயிடு! இங்க இடமில்ல! திறக்கவே மாட்டேன்! எல்லாரும் போயிடுங்க!"

ணங்!

வெளியே ஒரு கணம் அமைதி. பிறகு தெருவே கைதட்டியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு உணர்ச்சியோடு யாரும் விரட்டியதில்லை! கூட்டம் உற்சாகமாக அடுத்த அடியைப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

முற்றத்தில் அந்த உருவம் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"அடிக்காதீங்க... நான் பேய் இல்லீங்க... ரொட்டிக்கடைக்காரன்!"

"என்னது?"

"அன்செல்மோ. எதிர்ச்சாரி ரொட்டிக்கடை. நாளைக்கு இடையர் நாடகத்துல பிசாசு வேஷம்... ஒத்திகைலருந்து அப்படியே வந்துட்டேன். உங்க விளக்கு அணைஞ்சிருச்சா, ஆளில்லைன்னு நினைச்சேன். யாராவது உள்ள இருந்து விரட்டணுமேன்னு... குதிச்சுட்டேன்."

தூறலில் அவன் முகத்துச் சாயம் கரைந்து வழிந்தது. சிவப்புக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். மாநிறம். பயந்துபோன, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக் கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

என்னைப் பார்த்து இவனுக்குப் பயமா! ரலிட்சாவுக்கு நம்பவே முடியவில்லை.

"பல்லு..." என்றான் அவன், நாக்கால் தடவிப் பார்த்து. "முன்பல்லு ஓரம் கொஞ்சம் போயிடுச்சு. பரவால்ல. நான் வந்த வழியே போயிடறேன். கதவைத் திறக்கச் சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே, வாலைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரேறிப் போனான்.

மறுநாள் காலையிலும் கதவு தட்டப்பட்டது. ரலிட்சா கதவின் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாங்க, நேத்துப் பிசாசு. ரொட்டி கொண்டு வந்திருக்கேன்."

"வச்சுட்டுப் போங்க."

"மழைல நனைஞ்சிரும்ங்க."

தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இரும்பு கிணுகிணுத்தது.

"உங்களுக்குக் கதவு தட்டினாலே பயமா?" குரல் தணிந்திருந்தது. கிண்டல் இல்லை.

ஏன் அவனிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முகம் தெரியாததாலோ என்னவோ... மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். பல்கேரியாவில், பிளோவ்திவ் நகரத்து வீட்டில், பத்து வயதில், ஒரு சாயங்காலம் யாரோ தட்டினார்கள். குழாய் பார்க்க வந்திருக்கிறோம் என்றார்கள். அவள் திறந்தாள். அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வீட்டில் இருந்ததையெல்லாம் அவர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு, அம்மாவின் வலது கை ஒருநாளும் நேராகவில்லை.

"திறந்தது நான்" என்றாள் ரலிட்சா.

கதவுக்கு அந்தப் பக்கம் காலடிகள் ஓரடி பின்வாங்கின. பிறகு, "இனிமே நான் தட்ட மாட்டேங்க" என்றான். "சைக்கிள் மணி அடிக்கிறேன். ரெண்டு தடவை. மணி கேட்டா நான்னு அர்த்தம். தட்டினா... நான் இல்லைன்னு அர்த்தம்."

டிரிங்... டிரிங்...

அவள் திறந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி, முன்பல் ஓரத்தில் ஒரு சின்ன உடைசல், கையில் சர்க்கரை பூத்த பன். சிரிக்கப் பயந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு தினமும் மணி அடித்தது.

அவன் தங்கை நாயேலி வந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, உள்ள இருந்தா பயமாத்தான் இருக்கும். வெளில வந்து கூட்டத்தோட பாடிப் பாருங்க, பயப்படறது வேற யாரோவா இருப்பாங்க!" ரலிட்சா கூட்டத்தோடு நடந்தாள். கொய்யாவும் கரும்பும் கொதித்த சூடான பொஞ்சே குடித்தாள். வாணம் வெடித்தபோதெல்லாம் அவள் தோள் துள்ளியது. அப்போதெல்லாம் ஒரு மெழுகுவத்தி மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தது. ஏந்தியிருந்தவன் எதுவும் பேசமாட்டான். அடுத்த வாணம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கண்ணாலேயே காட்டுவான்.

நாலைந்து நாளில் 'நீங்க' போய் 'நீ' வந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்பதில் இருவருக்கும் சண்டை.

"நீதான்."

"நான் இல்ல. நீதான் 'ஏய், குட்டை பாரு'ன்னு கத்தின, நான் தண்ணில கால வைக்கப் போறப்ப."

"அது அவசரம்! கணக்குல சேராது!"

இப்படிச் சிரித்துக்கொண்டு போனால் கதை எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் இருபத்துநாலாம் தேதி வந்துவிட்டதே...

அந்தத் தெருவுக்கென்று ஒரு குழந்தை இயேசு உண்டு. பழைய மரச் சிற்பம், கண்ணாடிக் கண்கள், கன்னத்தில் கீறல். தெருவே மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் அன்செல்மோவின் அம்மா ஒத்தீலியா வீட்டில்தான் வாசம். கிறிஸ்துமஸ் இரவு அதைச் சால்வையில் ஏந்தித் தாலாட்டி, குடிலில் கிடத்த ஒரு ஞானத்தாய் வேண்டும். தெருவே கூடியிருந்தது. ஒத்தீலியா பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்தாள். மாவு பிசைந்து உரமேறிய கை ரலிட்சாவை நோக்கி நீண்டது.

"நீ வா மகளே. வெளியூர்லருந்து வந்தவ நீ. இந்த வருஷம் நீயே கிடத்து."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன்னையா! முதல் நாள் கதவைக்கூடத் திறக்காத தன்னையா!

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால் அன்செல்மோவைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மறுபடி... வேகமாக. வேண்டாம், வேண்டாம்...

ஓஹோ. சேர்ந்து நடக்கலாம், பொஞ்சே குடிக்கலாம். உங்கள் குழந்தையைத் தொடுவதற்கு மட்டும் தகுதியில்லையா? சுருக்கென்று தைத்தது. முகத்தை நிமிர்த்தினாள்.

"சந்தோஷமா செய்யறேன், தோன்யா."

சால்வைக்குள் அந்தச் சின்ன மரக்குழந்தை கனமாக இருந்தது. தாலாட்டிக் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோது அன்செல்மோவைக் காணவில்லை. மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாள் கடை வாசலில் எதிர்ப்பட்டான். தொப்பியைக் கழற்றினான்.

"வணக்கம். நல்லாருக்கீங்களா?"

நீங்க! அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டான்.

வருடத்தின் கடைசி இரவில் நாயேலிதான் விஷயத்தை உடைத்தாள். மணி பன்னிரண்டு அடிக்கும்போது விழுங்கவேண்டிய திராட்சைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பழைய வருடத்தின் வைக்கோல் கிழவனை எரிக்கத் தூக்கிக்கொண்டு போகும் மேளச் சத்தம்.

"உங்க அண்ணன் என்னை ஏன் மதிக்க மாட்டேங்கறாரு?"

"மதிக்கலையா? அக்கா, மதிக்கிறதுதான் பிரச்சினையே!" நாயேலி கையைத் துடைத்துக்கொண்டாள். "நிஜமாவே தெரியாதா உங்களுக்கு? ஜனவரி ஆறாம் தேதி, மூணு ராஜாக்கள் திருநாளுக்கு ரோஸ்கா வெட்டுவோம்ல? அந்த வளைய ரொட்டிக்குள்ள ஒரு சின்னக் குழந்தை இயேசு பொம்மை இருக்கும், குழந்தைகளைக் கொல்ல வந்த ஏரோது ராஜாகிட்டருந்து ஒளிஞ்ச மாதிரி. யார் துண்டுல வருதோ, அவங்கதான் உங்களோட சேர்ந்து பிப்ரவரி ரெண்டாம் தேதி குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகணும். தெருவுக்கே தமால் போடணும், சோள மாவை இலைல சுத்தி வேக வச்சு."

"போட்டா போச்சு. அதுக்கென்ன?"

"சேர்ந்து தூக்கிட்டீங்கன்னா நீங்க ரெண்டு பேரும் கொம்பாத்ரேங்க அக்கா! சாகிற வரைக்கும். கூடப் பொறந்தவங்களைவிடப் பெரிய உறவு. அப்புறம் அவரை நிமிர்ந்து ஒரு மாதிரி பார்த்தாக்கூடப் பாவம். முறை கெட்டுப்போயிடும். எங்கம்மா உசிரையே எடுத்துருவாங்க."

ரலிட்சாவின் கையிலிருந்து திராட்சை உருண்டு ஓடியது.

"மொத்தத் தெருவும் வெட்டும். யாருக்கு வேணா வரலாம்... அண்ணனுக்கும் வரலாம். அதான் அவன் பேயறைஞ்ச மாதிரி திரியறான்."

"எனக்கே வந்துட்டா?"

"தலையெழுத்து! நீங்க ஒரே ஆளா தூக்கணும், ஒரே ஆளா தமால் போடணும். எங்கம்மா சின்ன வயசுல ஒருத்திக்கு அப்படி வந்துச்சாம். தமால் சுத்தியே முதுகு வளைஞ்சு போச்சாம்." நாயேலி சிரித்தாள். ரலிட்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மணி அடித்தது. ஒவ்வொரு திராட்சைக்கும் ஒவ்வொரு வேண்டுதல் என்பார்கள். அவள் எல்லாவற்றுக்கும் ஒன்றையே வேண்டினாள். அவன் துண்டில் வேண்டாம்... அவன் துண்டில் வேண்டாம்...

ஆறாம் தேதி காலை ரொட்டிக்கடை வாசலில் கூட்டம் அலைமோதியது. அவள் வரிசையில் நின்று, அவன் முன் வந்ததும் கேட்டுவிட்டாள்.

"என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கற?"

அன்செல்மோ சுற்றிலும் பார்த்தான். கையெல்லாம் மாவு. ஆரஞ்சுப்பூத் தண்ணீரும் வெண்ணெயும் கலந்த வாசனை அவன் மேலிருந்து வந்தது.

"பயம்" என்றான் மெல்ல. "இப்ப ஏதாவது சொல்லி, அப்புறம் பொம்மை என் துண்டுல வந்துட்டா... சொன்னது பாவமாயிடும். சொல்லாம இருந்தா வெறும் கஷ்டம். அதை நான் தாங்கிப்பேன். நீ ஏன் தாங்கணும்?" கண்கள் ஒரு கணம் அவள் கண்களில் நின்றன. "இன்னிக்கு சாயங்காலம் முடியட்டும். பொம்மை வேற எவன் கைக்காவது போகட்டும். அந்த நிமிஷமே சொல்லிடறேன்."

"நீதானே சுடற? எங்க இருக்குன்னு தெரியாதா?"

"பொம்மையை வைக்கிறது அம்மா. அப்ப என்னைக் கடைக்குள்ளயே விடமாட்டாங்க."

சாயங்காலம் தூறல் பலமானது. ஒத்தீலியாவின் நீண்ட மேஜை மேல் அந்தப் பெரிய ரோஸ்கா கிடந்தது. சுற்றிலும் தெரு ஜனம். பக்கத்து வீட்டு தோன் நபோர், எல்லோரையும் சீண்டுவதற்கென்றே பிறந்தவர், கத்தியைத் தூக்கிக் காட்டினார்.

"ஏரோது ராஜாவோட வாள்! குழந்தைங்களா, ஒளிஞ்சுக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

கத்தி கை மாறியது. ஒவ்வொருவரும் தனக்கானதைத் தானே வெட்டவேண்டும். நபோர் வெட்டினார்... ஒன்றுமில்லை. நாயேலி கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள்... ஒன்றுமில்லை. ரலிட்சாவின் துண்டு கோணலாக வந்தது. ரொட்டியை விரலால் பிய்த்துப் பார்த்தாள். இல்லை. ரோஸ்கா குறைந்துகொண்டே வந்தது. கத்தி அன்செல்மோவிடம் வந்தது. வெட்டினான். துண்டைக் கையில் எடுத்தான். திருப்பினான்...

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துண்டை அப்படியே வாயில் திணித்துக்கொண்டு மென்றான். கத்தியை அடுத்தவரிடம் நீட்டினான்.

கடைசித் துண்டும் வெட்டப்பட்டது. பொம்மை இல்லை.

"என்ன தோன்யா!" நபோருக்குக் கொண்டாட்டம். "ரொட்டிக்கடை வீட்டு ரோஸ்காவுலயே பொம்மை இல்லையா? சிக்கனமா? ஊரெல்லாம் சிரிக்குமே!"

ஒத்தீலியாவின் முகம் கறுத்தது. "என் கையால வச்சேன். என் கையால! டேய் அன்செல்மோ, நீயாவது சொல்லேன்டா!"

அன்செல்மோ வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்தான்.

சிரிப்பும் கூச்சலுமாக இருந்த அந்த நேரத்தில் ரலிட்சா அவனைச் சமையலறை வாசலில் மடக்கினாள். அவளுக்குள் ஆயிரம் வாணம். பொம்மை அவனுக்கு வரவில்லை! யாருக்குமே வரவில்லை!

"சாயங்காலம் முடிஞ்சுது" என்றாள். "சொல்லு இப்ப."

அவன் அவளைப் பார்த்தான். கண் கலங்கியது. உதடு இறுக மூடியிருந்தது. மெல்லத் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"எதுவும் சொல்றதுக்கில்லையா?"

மறுபடியும் அதே தலையாட்டல்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினாள். எப்படித் தெருவைக் கடந்தாள், எப்படித் தாழ்ப்பாள் போட்டாள், தெரியாது. கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முட்டாள். முட்டாள் பெண்ணே. ஒரு கதவைத் திறந்து பட்டது போதாதா உனக்கு? மறுபடியும் திறந்தாயே...

தட்... தட்.

அவள் விறைத்துப்போனாள்.

மணி இல்லை. தட்டல்.

"யாரு?"

பதில் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

தட்டினா நான் இல்லைன்னு அர்த்தம்... அவனே சொன்னானே. அப்படியென்றால் இது யார்? பத்து வயதுச் சிறுமி அவளுக்குள் எழுந்து, திறக்காதே, திறக்காதே என்று அழுதாள். அம்மாவின் கோணல் கை கண்முன் வந்தது. விளக்கை அணைக்க எழுந்தாள்.

அப்போது கதவின் கீழ் இடுக்கு வழியாக, மழை வாசனையோடு சேர்ந்து, ஏதோ ஒன்று உள்ளே வந்தது. வெண்ணெய். ஆரஞ்சுப்பூ.

அது அவனாகவும் இருக்கலாம். இன்றைக்கு இந்த ஊரில் எல்லோர் கையிலும் அந்த வாசனைதான்... வேறு யாராகவும் இருக்கலாம். நிச்சயமில்லை. ஒன்றுமே நிச்சயமில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள்.

அன்செல்மோ நின்றிருந்தான். தொப்பியில்லை, சைக்கிளில்லை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் தெருவில் அவன் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக நின்று இன்னும் பொம்மையைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டென்று உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையைக் குவித்து வாயருகே வைத்தான்.

வெள்ளைப் பொம்மை உள்ளங்கையில் விழுந்தது.

"கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றான், மூச்சு வாங்க. "அதான் பேச முடியல. வாயைத் திறந்தா தெரிஞ்சிரும். அங்கிருந்து கூப்பிட்டா அவங்க திரும்பிப் பாத்துருவாங்க... மணியடிக்க சைக்கிள் எடுக்கப் போனா பிடிச்சுப்பாங்க... தட்டிட்டேன். மன்னிச்சுக்க. உன்னைப் பயமுறுத்திட்டேன்."

ரலிட்சா பொம்மையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துண்டைத் திருப்பினேன், கால் தெரிஞ்சுது. ஒரு நொடிதான். எடுத்து மேஜை மேல வச்சிருந்தா எங்கம்மாவுக்கு மானம் போயிருக்காது. கடைக்கும் கெட்ட பேரு வந்திருக்காது. ஆனா அந்த நொடியோட உன்னை நான் தங்கச்சி மாதிரி பாக்கணும். என்னால முடியாது ரலிட்சா! குழந்தை இயேசுவையே திருடிட்டேன். என்ன தண்டனை வருமோ... ரொம்பப் பயமா இருக்கு. ஆனா உன்னை இழக்கிற பயம் அதைவிடப் பெருசா இருந்துச்சு. நான் உன்னைக் காதலிக்கிறேன். பொசாதா அன்னிக்கு இரும்பால அடிச்சியே... அப்பலேருந்து."

மழைத்துளி ஒன்று அவன் இமையில் நின்றது. அதே இடம்.

"நாளைக்கு என்ன பண்றதா இருக்க?" என்றாள் அவள், கடைசியில்.

"தெரியல. அம்மா அழுதுட்டிருக்காங்க. போய் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா நாம கொம்பாத்ரே. ஒத்துக்கலைன்னா நான் திருடன்."

ரலிட்சா கையை நீட்டினாள். "கொடு."

"எதுக்கு?"

"கொடு சொல்றேன்."

பொம்மையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். மழையில் தெருவைக் கடந்தாள். வாசலில் நின்ற பெண்களைத் தாண்டி நேரே மேஜைக்குப் போனாள். ஒத்தீலியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடிவந்த அன்செல்மோ வாசலிலேயே நின்றுவிட்டான்.

"தோன்யா... பொம்மை என் துண்டுலதான் இருந்துச்சு. பயந்துட்டு ஒளிச்சு வச்சுட்டேன்."

நபோர் வாயை மூடிக்கொண்டார்.

ஒத்தீலியா பொம்மையை வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வைக்கும்போது இதோட இடுப்புல பல் தடம் இல்ல."

ரலிட்சா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடிச்ச பல்லுல ஒரு பல்லு ஓரம் உடைஞ்சிருக்கு." ஒத்தீலியா கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்தாள். "அந்த ஓரத்தை உடைச்சவ யாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். ஏன் மகளே பொய் சொல்ற? குழந்தை இயேசு விஷயத்துல?"

ஓடிவிடலாம். கதவு பக்கத்தில்தான் இருக்கிறது... ரலிட்சா ஓடவில்லை.

"ஏன்னா அவர் எனக்குக் கொம்பாத்ரே ஆகக் கூடாது தோன்யா." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "நானே தனியாத் தூக்கறேன். தெருவுக்கே தமால் நானே போடறேன். முதுகு வளைஞ்சாலும் பரவால்ல. எனக்கு இங்க எல்லாத்துக்கும் பயம்... வாணத்துக்குப் பயம், கதவுக்குப் பயம், இப்ப உங்களுக்கும் பயமா இருக்கு. ஆனா உங்க பையனை நான் காதலிக்கிறேன்."

எங்கோ ஒரு வாணம் வெடித்தது. அவள் தோள் துள்ளவில்லை. கவனிக்கவே இல்லை.

ஒத்தீலியா பொம்மையைத் தன் அகன்ற மார்புச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நபோர், குறிப்பா நீ. என் ரோஸ்காவுல பொம்மை இருந்துச்சு. இந்தப் பொண்ணு துண்டுலதான் இருந்துச்சு. வேற ஏதாவது எவனாவது சொன்னா அவன் வீட்டுக்கு இனிமே ரொட்டி கிடையாது."

நாயேலி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

"ரெண்டாம் தேதி தமால், மகளே. தெரு மொத்தத்துக்கும். உனக்குச் சோள மாவு பிசையவே தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." ஒத்தீலியா வாசலைக் கையால் காட்டினாள். "அந்தா நிக்கிறான் பாரு, நனைஞ்ச கோழி. அவனுக்குத் தெரியும். இப்ப வாயும் காலியாத்தான் இருக்கு... என்ன சொல்லணுமோ சொல்லச் சொல்லு."

அன்செல்மோ உள்ளே வந்தான். அத்தனை பேர் முன்னால் அவள் கையைப் பிடித்தான்.

"மாவு நான் பிசையறேன்" என்றான். "நீ பக்கத்துலயே இரு. போதும்."